முத்திரை மாற்றுக்குத்தான், கொக்கியை நாம்தான் பார்க்க வேண்டும்

கேள்வி: மூத்த மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்திருக்கிறது. அவளுக்கு ஒன்றரைப் பவுனில் ஒரு பிரேஸ்லெட் வாங்கித் தர ஆசை. என் மாமியார் தந்த பழைய முறுக்குப் பிரேஸ்லெட் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் ‘கேடிஎம்’ என்று மட்டும் பொறித்திருக்கிறது. அதை மாற்றிக்கொள்ளலாம் என்று போனால், “எச்யூஐடி இல்லாத நகை, இனி செல்லாது, எடுத்துக்கொள்கிறோம், ஆனால் பாதி விலைதான் வரும்” என்கிறார் கடைக்காரர். அதே கடையில் 18 காரட்டில் கல் பதித்த ரோஸ் கோல்டு பிரேஸ்லெட்டையும், 22 காரட்டில் பட்டையான, உள்ளே கூடாக உள்ள ஒன்றையும் காட்டினார்கள். மகளுக்குப் பிடித்தது கல் வைத்தது. என் கொழுந்தனாரோ, “916 என்று முத்திரை இருந்தால் போதும், மற்றதெல்லாம் வியாபாரப் பேச்சு” என்கிறார். எதை நம்புவது? தினமும் போட்டுக்கொள்ள எந்த மாதிரி நல்லது? இளையவள் வெள்ளியில் ஒன்று கேட்கிறாள், அதையும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பழைய பிரேஸ்லெட்டை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அது செல்லாது என்று சொன்னது தவறு. எச்யூஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் அடையாள எண், இல்லாத நகையை விற்கக்கூடாது என்ற கட்டுப்பாடு கடைக்காரருக்கு உரியது. வீட்டில் இருக்கும் நகையை விற்கவோ, மாற்றவோ, அடகு வைக்கவோ உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் முதல் முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமானது. பிறகு மேலும் பல மாவட்டங்களுக்கு விரிந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் கொண்ட எச்யூஐடி 2021 ஜூலையில் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகையைக் கடையில் விற்க முடியாது. இந்தத் தேதிகளுக்கு முன்பு வாங்கிய நகையின் தங்கம் எங்கும் போய்விடவில்லை. எவ்வளவு மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, இருக்கிறதோ அதற்குரிய விலை அதற்கு உண்டு. ‘பாதி விலை’ என்று சோதிக்காமலே வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

ஆனால், ‘கேடிஎம்’ என்ற எழுத்தை நம்பி 916-க்குரிய, அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கமுள்ள 22 காரட்டின் விலையை எதிர்பார்க்கவும் வேண்டாம். அது தூய்மையைக் குறிக்கும் முத்திரையே அல்ல. காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்த நகை என்பதுதான் அதன் பொருள். பொடி என்று நான் சொல்வது பட்டறையில் நகையின் துண்டுகளை இணைக்கப் பயன்படும், எளிதில் உருகும் உலோகக் கலவை. அந்தக் காலத்தில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்ந்த பொடியால் பற்றவைத்தார்கள். நகையை உருக்கும்போது அந்தச் செம்பும் வெள்ளியும் தங்கத்தோடு கலந்து மாற்றைக் கீழே இழுத்துவிடும். காட்மியம் சூட்டில் பெருமளவு ஆவியாகிப் போய்விடும் என்பதால் மாற்று அவ்வளவாகக் குறையவில்லை. அதனால்தான் ‘கேடிஎம்’ என்பதே உயர்ந்த தங்கத்தின் பெயர்போல ஊரெங்கும் பரவியது. அந்த ஆவியைப் பட்டறையில் உட்கார்ந்து மூச்சில் வாங்கியவர்கள் நகைத் தொழிலாளிகள். காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இன்று ஹால்மார்க் நகையில் காட்மியத்துக்கு இடமில்லை. துத்தநாகம் போன்றவை கலந்த பொடிகள் வந்துவிட்டன.

வங்கியில் நகைக்கடன் மதிப்பீட்டுக்கு வரும் கேடிஎம் நகைகளை உரைகல்லில் உரைத்துப் பார்க்கும்போது, கண்ணியின் நடுவில் ஒரு மாற்றும் பற்றவைத்த இடத்தில் வேறொரு மாற்றும் காட்டுவது எனக்குப் பழகிய காட்சி. முறுக்குப் பிரேஸ்லெட்டில் இது இன்னும் அதிகம். மெல்லிய வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துச் சுருட்டி, அடிக்கொரு இடத்தில் பொடி வைத்து நிறுத்திய வேலைப்பாடு அது. நல்ல ஆசாரி கையில் செய்ததாக இருந்தால் 91 விழுக்காட்டுக்கு அருகில் நிற்கும். பொடியை அள்ளிப் போட்டிருந்தால் 85-க்கும் கீழே போகும். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

எனவே கடைக்குப் போகும் முன்பு, பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற சோதனை மற்றும் ஹால்மார்க் மையம் ஒன்றுக்கு அதைக் கொண்டுபோங்கள். அந்த மையங்கள் நகைக்கடைக்காரர்களுக்கு மட்டுமானவை என்று பலர் நினைக்கிறார்கள். பொதுமக்களும் போய்ச் சோதிக்கலாம். நான்கு நகைகள் வரை சேர்த்து 200 ரூபாய், அதற்கு வரி தனி. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்த மாற்றுக்கு இன்றைய விலை என்ன தருகிறீர்கள்?” என்று இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். உருக்கித்தான் எடுப்போம் என்று சொன்னால், உருக்குவதற்கு முன்னும் பின்னும் உங்கள் கண்முன்னே எடை போடச் சொல்லுங்கள். அழுக்கும் மெழுகும் போய் எடை சற்றுக் குறைவது இயல்புதான். கொக்கிக்குள் இருக்கும் இரும்பு வில்லின் எடையையும் கழிப்பார்கள், அது நியாயமே. உருக்கிய பிறகு வேண்டாம் என்று திரும்பி வருவது கடினம் என்பதால், எந்த அடிப்படையில் விலை போடுவார்கள் என்பதை அதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொழுந்தனார் சொன்னதற்கு வருகிறேன். ‘916’ என்ற மூன்று எண்களை எஃகு அச்சு ஒன்றும் சுத்தியும் இருந்தால் யாரும் பொறித்துவிடலாம். வெறும் 916 என்பது கடைக்காரர் தன் நகையைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் வார்த்தை. ஹால்மார்க் என்பது கடைக்காரரைச் சாராத மூன்றாம் நபர் ஒருவர் சோதித்துச் சொல்லும் சாட்சி. இப்போதைய முறையில் மூன்று அடையாளங்கள் சேர்ந்தே இருக்க வேண்டும்: முக்கோண வடிவிலான பிஐஎஸ் சின்னம், காரட்டும் நுண்மையும் (ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்ற எண்) சேர்ந்த ‘22கே916’ போன்ற குறி, ஆறு குறிகளுள்ள எச்யூஐடி. பழைய முறையில் மையத்தின் அடையாளமும் கடையின் அடையாளமும் தனித்தனியாக இருந்தன. இப்போது அந்த விவரங்கள் எச்யூஐடிக்குள் அடங்கிவிட்டன.

அந்தச் சாட்சி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் அதன் பலமும் எல்லையும் புரியும். மையத்துக்கு வரும் நகைகளை முதலில் எக்ஸ்ரே கதிர்க் கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். அது நகைக்குச் சேதமில்லாமல் சில விநாடிகளில் மாற்றைக் காட்டும். ஆனால் மேல்தோலை மட்டுமே படிக்கும். தடிமனான முலாம் அதை ஏமாற்றிவிடும். ஆகவே ஒரு தொகுதியிலிருந்து மாதிரிகளை எடுத்து நெருப்புச் சோதனை செய்கிறார்கள். நகையிலிருந்து சிறிதளவு தங்கத்தைச் சுரண்டி எடுத்து, நுண்தராசில் எடைபோட்டு, வெள்ளியோடு சேர்த்து ஈயத் தகட்டில் பொதிந்து, நுண்துளைகள் உள்ள சிறு கிண்ணத்தில் வைத்து ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட உலையில் வைப்பார்கள். ஈயமும் செம்பும் ஆக்சைடாகிக் கிண்ணத்தின் சுவருக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். தங்கமும் வெள்ளியும் ஒரு சிறு மணியாக மிஞ்சும். அந்த மணியைத் தட்டித் தகடாக்கிச் சுருட்டி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளி கரைந்து, தங்கம் மட்டும் பழுப்பு நிறச் சுருளாக நிற்கும். அதைக் காய்ச்சி ஆற்றினால் மஞ்சள் நிறம் திரும்பும். அதன் எடையை முதல் எடையோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்பது தெரிந்துவிடும். இன்றுவரை தங்கத்துக்கு இதைவிட நம்பகமான தீர்ப்பு இல்லை என்பதே என் எண்ணம். தேறிய நகைகளில்தான் லேசர் கொண்டு முத்திரை பொறிக்கிறார்கள்.

கவனியுங்கள்: அந்த மையம் சொன்னது மாற்றை மட்டும்தான். நகை கெட்டியானதா, கூடா, கொக்கி உறுதியா, கல்லின் எடையைக் கழித்தார்களா, சேதாரம் நியாயமா என்பதில் எதற்கும் முத்திரை பொறுப்பேற்கவில்லை. மோதிரத்தில் இது பெரிதாகத் தெரியாது. பிரேஸ்லெட்டில் தெரியும், ஏனென்றால் நாள் முழுதும் அசைந்துகொண்டே இருக்கும் நகை அது.

பிரேஸ்லெட்டில் முத்திரை வழக்கமாகக் கொக்கியின் நாக்கிலோ, கொக்கிக்கு அருகில் பற்றவைத்த சிறு இலைத் தகட்டிலோ இருக்கும். வெறுங்கண்ணுக்குப் புள்ளிக்கோடு மாதிரிதான் தெரியும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸைக் கடையில் கேளுங்கள். வைத்திருப்பது அவர்கள் கடமை. ஆறு குறிகளையும் எழுதிக்கொண்டு, கைபேசியில் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் எச்யூஐடி சரிபார்க்கும் பகுதியில் அங்கேயே தட்டிப் பாருங்கள். கடையின் பதிவு, சோதித்த மையம், முத்திரையிட்ட தேதி, தூய்மை, நகையின் வகை எல்லாம் வரும். நகையின் வகையைத்தான் பலர் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். கையில் பிரேஸ்லெட் இருக்க, திரையில் மோதிரம் என்று வந்தால் வாங்காதீர்கள். தனித் தகட்டில் முத்திரை இருந்தால் தகட்டைச் சுற்றியுள்ள பற்றவைப்பையும் லென்ஸில் பாருங்கள். மற்ற இணைப்புகள் பளபளப்பாக இருக்க, அந்த ஒரு இடம் மட்டும் கரடாகவோ நிறம் மாறியோ இருந்தால் தகடு பிறகு ஒட்டப்பட்டதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அளவு போதவில்லை என்று கடையில் இரண்டு கண்ணி சேர்த்துத் தருவார்கள் அல்லவா, அந்தக் கண்ணிகளை அந்த மையம் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். முடிந்தவரை சரியான நீளத்திலேயே வாங்குங்கள்.

18 காரட் என்பது ஏமாற்று இல்லை. ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். மீதியில் செம்பு அதிகமாக இருப்பதால்தான் ரோஸ் நிறம். இதற்கும் ஹால்மார்க் உண்டு, ‘18கே750’ என்று இருக்கும். சொல்லப்போனால் வரிசையாகக் கல் பதித்த பிரேஸ்லெட்டுக்கு 18 காரட்டே பொருத்தம். 22 காரட் தங்கம் மிருது. கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய கால்கள் 22 காரட்டில் வளைந்து கொடுத்துக் கல் உதிர்ந்துவிடும்.

ஆனால் விலை 18 காரட்டின் விலையாக இருக்க வேண்டும். 12 கிராம் எடையில் 22 காரட்டில் ஏறத்தாழ 11 கிராம் தூய தங்கம் இருக்கிறது, 18 காரட்டில் 9 கிராம்தான். அடுத்தது கல். பளபளக்கும் சிசெட் (க்யூபிக் சிர்கோனியா) என்ற செயற்கைக் கற்கள் வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானவை. அந்த எடைக்குத் தங்கத்தின் விலையைப் போட்டால் நட்டம் உங்களுக்கு. ரசீதில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். நாளை அவசரத்துக்கு அடகு வைக்கப் போனாலும் நாங்கள் கல்லுக்குக் கடன் கணக்கிடுவதில்லை. நிகரத் தங்கத்துக்கு மட்டுமே. மகளின் ஆசைக்கு வாங்குவது என்றால் வாங்குங்கள், அதில் தவறே இல்லை. சேமிப்பும் அதில் அடங்கும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

தினசரி உபயோகத்துக்கு எது என்று கேட்டீர்கள். கணினியில் வேலை, இரு சக்கர வண்டி, பேருந்தில் கைப்பிடி என்று இருக்கும் பெண்ணுக்கு என் தேர்வு கெட்டியான கர்ப் கண்ணிப் பிரேஸ்லெட்தான். ஒவ்வொரு கண்ணியும் திருகித் தட்டையாக்கப்பட்டிருப்பதால் மணிக்கட்டில் படிந்து கிடக்கும், துணியில் மாட்டாது, ஒரு கண்ணி அறுந்தாலும் தெருவோரப் பட்டறையில்கூடச் சரிசெய்துவிடலாம். ஒரு நீளக் கண்ணியும் மூன்று குட்டைக் கண்ணியுமாக வரும் ஃபிகாரோவும் இதே குடும்பம்தான். பெட்டிக் கண்ணியும் நல்லது. கம்பி மட்டும் மயிரிழையாக இருக்கக்கூடாது.

கூடாக உள்ள பட்டை பிரேஸ்லெட் பார்வைக்கு இரண்டு பவுன் போலத் தெரியும், எடை அதில் பாதிகூட இருக்காது. முத்திரை சரியாகவே இருக்கலாம், தங்கமும் உண்மையே. ஆனால் மேசை விளிம்பில் ஒருமுறை இடித்தால் குழி விழும். குழியை வெளியே தள்ள வழி இல்லை, பற்றவைக்கப் போனால் மெல்லிய சுவர் உருகி ஓடும். விசேஷத்துக்குப் போட்டுக் கழற்றி வைப்பவர்களுக்கு அது போதும். உங்கள் மகளுக்கு வேண்டாம். பாம்புத்தோல் போல வழவழப்பாக இருக்கும் ஸ்நேக் செயின் வகையும் அப்படித்தான். ஒருமுறை மடிந்தால் அந்த மடிப்பு போகாது. வாய் திறந்த காப்பு இளம்பெண்களிடம் இப்போது நிறையத் தெரிகிறது. தினமும் இழுத்து விரித்துப் போட்டுக் கழற்றினால் ஒரே இடத்தில் உலோகம் களைத்து விரிசல் விடும். பக்கவாட்டில் நுழைத்துத் திருப்பிப் போடப் பழகிக்கொண்டால் நெடுநாள் உழைக்கும். குட்டிக் குட்டித் தொங்கல்கள் உள்ள சார்ம் வகையில், தொங்கலைப் பிடிக்கும் வளையம் ஒவ்வொன்றும் பற்றவைத்து மூடியிருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் வாய் திறந்திருக்கிறது என்று பொருள். தொங்கல் ஒருநாள் தொலையும்.

எந்த மாதிரியானாலும் முதலில் தளர்வது கொக்கிதான். 22 காரட்டில் எஸ் கொக்கி கூடாது என்பேன். மிருதுவான கம்பி நாளடைவில் விரிந்து தானே கழன்றுவிடும். நண்டுக் கொடுக்கு போன்ற லாப்ஸ்டர் கொக்கியோ, உள்ளே சொடுக்கென்று பூட்டும் பெட்டிக் கொக்கியோ இருக்கட்டும். பெட்டிக் கொக்கிக்குப் பக்கத்தில் பாதுகாப்புச் சங்கிலி ஒன்று வேண்டும். திருகு வைத்த காப்பு வாங்கினால் திருகின் மரை தேய்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். அடகுக்கு வரும் பழைய பிரேஸ்லெட்டுகளில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், கண்ணியும் கண்ணியும் உரசும் உள்விளிம்பில் கம்பி பாதியாகத் தேய்ந்து, வெளியே மட்டும் முழுதாகத் தெரிகிற நகைகள் எத்தனையோ. இன்னும் சில மாதத்தில் அறுந்து விழும் நிலையில் இருப்பது போட்டிருப்பவருக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை வாங்கிய கடையிலேயே லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

அளவுக்கு, மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே நூலைச் சுற்றி அளந்து, அதோடு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு விரல் நுழைந்தால் போதும். தொளதொளவென்று இருந்தால் கைகழுவும்போதும் கதவுப்பிடியிலும் மாட்டிக் கண்ணிகள் இழுபடும்.

ரசீது விஷயத்தில் உறுதியாக இருங்கள். ஒவ்வொரு நகைக்கும் விவரம், நிகர எடை, காரட்டும் நுண்மையும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை இருக்க வேண்டும். ஒரு தங்க நகைக்கு அந்தக் கட்டணம் 45 ரூபாயும் அதற்கான வரியும்தான். இதைக் காட்டிக் கிராமுக்கு இவ்வளவு என்று கேட்டால் கொடுக்காதீர்கள். சேதாரத்தைத் தனியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 கிராமுக்கு 12 விழுக்காடு என்றால் 1.44 கிராம் தங்கத்தின் விலையைக் கொடுக்கிறீர்கள், அந்தத் தங்கம் உங்கள் கைக்கு வருவதில்லை. எந்திரத்தில் பின்னிய கர்ப் பிரேஸ்லெட்டுக்குக் கைவேலைப்பாட்டு நகையின் சேதாரத்தைக் கேட்டால் பேசிக் குறைக்க முழு நியாயம் உண்டு.

வாங்கிய பிறகு சந்தேகம் வந்தால் மீண்டும் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சோதிக்கலாம். மாற்று குறைவு என்று உறுதியானால், அந்தக் குறைவுக்குரிய தொகையில் இரண்டு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் விற்றவர் தர வேண்டும் என்று 2018-ம் ஆண்டின் பிஐஎஸ் விதிகள் சொல்கின்றன. 916 என்று விற்ற 12 கிராம் நகை 880 காட்டினால், குறைவது சுமார் 0.43 கிராம் தூய தங்கம். அதன் விலையில் இரண்டு மடங்கு உங்களுக்குச் சேர வேண்டியது. புகாரை அதே செயலியில் பதிவு செய்யலாம். ரசீது இல்லாமல் எதுவும் நடக்காது.

இரண்டு கிராமுக்குக் குறைந்த தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. பிறந்த குழந்தைக்குக் கருமணி கோத்துப் போடும் மெல்லிய காப்பு பெரும்பாலும் இந்த எடைக்குள் வரும். உறவில் யாருக்காவது வாங்கும்போது ரசீதில் காரட்டை எழுதச் சொல்லி வாங்குங்கள்.

இளையவளின் வெள்ளிப் பிரேஸ்லெட்டுக்கு 925 வாங்குங்கள். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி வளைந்துபோகும் என்பதால் நகைக்கு இந்தக் கலவைதான் சரி. வெள்ளிக்கு ஹால்மார்க் இன்னும் கட்டாயமாகவில்லை, கடைக்காரரின் விருப்பம். ஆனால் 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் இடும் வெள்ளிக்கும் எச்யூஐடி வந்துவிட்டது. அப்படி முத்திரையுள்ளதைக் கேட்டு வாங்கி, தங்கத்தைப் போலவே செயலியில் தட்டிப் பாருங்கள். காற்றில் உள்ள கந்தகத்தால் கறுப்பது வெள்ளியின் இயல்பு, அதை வைத்துப் போலி என்று முடிவு செய்ய வேண்டாம். போடாத நாட்களில் காற்றுப் புகாத உறையில் வைக்கச் சொல்லுங்கள்.

பழைய பிரேஸ்லெட்டின் சோதனை அறிக்கை வந்ததும் அதன் எடையையும் மாற்றையும் எழுதுங்கள். விற்பதா, அதே தங்கத்தை உருக்கிப் புதிதாகச் செய்து முத்திரை வாங்குவதா என்பதை அந்த எண்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.